பெயர் பெற்ற நத்தை

கடற்கரையிலிருந்து திரும்பும் குழந்தைகள் மடி நிறையக் கிளிஞ்சலும் சோழியும் கொண்டுவந்து, அவற்றை இனம் இனமாகப் பிரித்து வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். புதிய நத்தை ஒன்று கிடைத்தால் பிராணி நூலாரும் ஏறக்குறைய இதே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்வது வெறும் பொழுதுபோக்கன்று. சில சமயம் அந்த ஜந்துவின் உயிரே அதைப் பொறுத்திருக்கிறது. இந்து மகா சமுத்திரத்தின் அடியில் வாழும் ஒரு நத்தையின் சரித்திரம் இதற்குச் சான்று.

2001-ம் வருஷத்தில், ரோட்ரிகஸ் தீவுக்குத் தென்கிழக்கே, சுமார் 2,400 மீட்டர் ஆழத்தில் உள்ள கைரேய் என்னும் வெந்நீர் ஊற்றுகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். சூரிய ஒளி அங்கே எட்டாது. பூமியின் வயிற்றிலிருந்து 300 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுடன் கரிய நீர் குமுறி எழுகிறது. அந்த ஊற்றுகளின் அருகே, எறும்புதின்னியின் மேலுள்ளவை போன்ற செதில்கள் காலில் அடுக்கடுக்காகப் படர்ந்த ஒரு நத்தை காணப்பட்டது.

ஒரு நத்தையை வர்ணிப்பதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் ஓட்டின் சுழற்சியைப் பார்ப்பார்கள். முனை மேலாக, வாய் நம்மை நோக்கும்படி நிறுத்தினால், வாய் எந்தப் பக்கம் அமைகிறதோ அதுவே அவர்கள் கணக்கு. நாம் வலம்புரி என்று பூஜையில் வைக்கும் அபூர்வச் சங்கு இந்தக் கணக்கின்படி இடப்புறம் சுழன்றதாகிவிடும்! பிறகு சுற்றுகளை எண்ணுவார்கள், அகலத்தை அளப்பார்கள், வாயின் வடிவம், மேலுள்ள வரிகள், முனை ஆகியவற்றைக் குறிப்பார்கள்.

நமது நத்தையின் ஓடு உருண்டையானது. சுற்றுகள் மூன்று, உச்சி அமுங்கியிருக்கும். வாய் நீள்வட்டம். மேலே வரம்புகளும் நுண்ணிய வளர்ச்சிக் கோடுகளும் உண்டு. வயது முதிர்ந்தவற்றில் முனை அரித்துப்போயிருக்கும். அகலம் சாதாரணமாக 3 சென்டிமீட்டர். மிகப் பெரியது நாலரை. இதன் உறவினங்களில் பெரும்பாலானவை ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை.

ஓட்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தபோதுதான் பெரிய விசித்திரம் வெளிப்பட்டது. உள்ளே சுண்ணாம்பு, நடுவே தடித்த தோல் போன்ற ஓர் அடுக்கு, வெளியே, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனத்தில், இரும்பும் கந்தகமும் கலந்த பூச்சு! காந்தம் இதை இழுக்கும். இப்படி இரும்புக் கந்தகத்தை உடற்கவசமாகக் கொண்ட வேறு பிராணி இன்று உலகில் இருப்பதாகத் தெரியவில்லை.

2009-ம் வருஷத்தில் ஸாலிடேர் என்னும் வேறோர் ஊற்றில் இதே உருவத்தில் வெண்ணிற நத்தைகள் அகப்பட்டன. இவற்றின் மேல் இரும்பு இல்லை. வேறு இனமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டதில் இரண்டும் ஒரே இனம் என்று ஏற்பட்டது. அந்த ஊற்றின் நீரில் இரும்பு குறைவு. அதனால் நத்தைக்கும் கறுப்புச் சட்டை வாய்க்கவில்லை. ஓடு பல உண்மைகளைச் சொல்லும். எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதை இதனால் அறிகிறோம்.

இவ்வளவு கீர்த்தி பெற்ற நத்தைக்குப் பதினான்கு வருஷம் சாஸ்திரப் பெயரே இல்லை. 'செதிற்கால் நத்தை' என்றே குறிப்பிட்டு வந்தார்கள். 2015-ல்தான் சோங் சென் முதலிய நால்வர் முறைப்படி வர்ணித்து, கிரைஸோமல்லோன் ஸ்குவாமிஃபெரம் என்று நாமகரணம் செய்தார்கள். முதற்சொல்லில் பொன்னிற ரோமம் என்ற பொருளும், இரண்டாவதில் செதில் தாங்கியது என்ற பொருளும் அடங்கியிருக்கின்றன.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த ஊற்றுகளைச் சுற்றித் தாமிரமும், துத்தநாகமும், பொன்னும், வெள்ளியும் படிந்து கிடக்கின்றன. சர்வதேசக் கடலடி ஆணையத்துடன் சீனா 2011-லும், ஜெர்மனி 2015-லும், நமது இந்தியா 2016-லும் இந்து மகா சமுத்திர மலைத்தொடர்களில் இத்தாதுக்களை ஆராய ஒப்பந்தம் செய்துகொண்டன. நத்தைக்குப் பெயர் வைத்த காலத்தில் அது வாழ்வதாகத் தெரிந்த ஊற்றுகள் மூன்றே. பின்னர் இன்னும் சில தெரியவந்தன. அந்த மூன்றில் இரண்டு இத்தகைய ஒப்பந்த எல்லைகளுக்குள் அகப்பட்டிருந்தன. 2019-ம் வருஷத்தில் இந்த நத்தை, அழியும் அபாயத்திலுள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. ஆழ்கடற் சுரங்கத்தின் அபாயம் காரணமாக அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் உயிர் இதுவே. 2015-ல் கிடைத்த பெயர் இல்லாவிடில், எதைக் காப்பாற்ற வேண்டும் என்று யார் யாரிடம் வழக்காடுவது?

தேசத்துக்குத் தாது வேண்டியதுதான். அதைத் தேடுவதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் தாதுவை எடைபோடுவோர் செல்லும் கப்பலில், நத்தை ஓட்டின் சுற்றுகளை எண்ணத் தெரிந்த ஒருவருக்கும் இடம் கொடுக்க வேண்டும். அவர் குறிப்பேட்டை மூடி வைத்த பிறகே மற்றவர் தோண்டத் தொடங்குவது முறை.