முறுக்கினால் கரி போகுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"வண்டியை அவ்வப்போது நன்றாக முறுக்கி ஓட்டப்பா, அப்போதுதான் இன்ஜினில் கரி தங்காது." திண்டுக்கல் பட்டறைகளிலும் நம் கிராமத்து டீக்கடை வாசல்களிலும் இந்த அறிவுரையைக் கேளாதவர் இருக்க முடியாது. அதே பெஞ்சில் அமர்ந்திருக்கும் மற்றொருவர், "முறுக்கி முறுக்கித்தான் இன்ஜினைக் கெடுக்கிறீர்கள்" என்பார். இருவருமே அனுபவசாலிகள், இருவருமே உறுதியாகப் பேசுவார்கள். இவ்விருவரில் யார் சொல்வது சரி என்பதை அறிவியல் மாணவர் என்ற முறையில் ஆராய்ந்து, என் கருத்தை வாசகர் முன் வைக்க விரும்புகிறேன்.

இதை வாகனப் பிரியர்களின் பொழுதுபோக்கு விவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கும், நிலக்கோட்டைப் பூச் சந்தைக்கும் விடியுமுன் வந்து சேரும் மூட்டைகளில் எத்தனை மூட்டைகள் மொபெட்டில் வருகின்றன என்பதை நாம் அறிவோம். என் தந்தையாரும் பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டில் கத்தரியும் தக்காளியும் ஏற்றிச் செல்பவர்தாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் அந்த வண்டியின் பின்புறத்தில்தான் ஏறி வருகின்றன. இன்ஜினைப் பிரித்துப் போட்ட நாள் எங்களுக்கு வருமானமில்லாத நாள். ஆகவே, முறுக்குவதா வேண்டாமா என்பது எங்களைப் போன்றோர்க்கு வயிற்றுப்பாட்டைத் தொட்ட கேள்வி.

இக்கேள்வி உலகில் எங்கே மிக அதிகமாகப் பேசப்படுகிறது என்று தேடினால், அது ஜப்பான் நாட்டு மஸ்தா நிறுவனத்தின் சுழல் இன்ஜின் கார்களைப் பற்றியதாக இருக்கிறது. ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய இவ்வகை இன்ஜின், 1957-இல் என்.எஸ்.யு. நிறுவனத்தில் முதன்முதலாக ஓடிக் காட்டியது. இதில் மேலும் கீழும் செல்லும் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவச் சுழலி ஒன்று அறைக்குள் சுற்றுகிறது. அதன் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய தகடுகள் அறையின் சுவரை ஒட்டி வாயு கசியாமல் காக்கின்றன. 1967-இல் என்.எஸ்.யு. 'ரோ 80' காரும், மஸ்தாவின் 'காஸ்மோ ஸ்போர்ட்' காரும் வெளிவந்தன. முனைத்தகடுகள் விரைவில் தேய்ந்ததால் முன்னது பெரும் நட்டத்தைத் தந்தது. மஸ்தா விடாமுயற்சியுடன் 1978-இல் 'ஆர்.எக்ஸ்.-7', 2003-இல் 'ஆர்.எக்ஸ்.-8' எனத் தொடர்ந்தது. 1991-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்திலும் சுழல் இன்ஜின் காரைக் கொண்டு வென்றது.

இந்த இன்ஜினுக்குள் முனைத்தகடுகளின் வழவழப்புக்காகச் சிறிதளவு எண்ணெய் செலுத்தப்படுகிறது. அது பெட்ரோலுடன் சேர்ந்தே எரிகிறது. எரிந்த எண்ணெய் கரியாகிறது. கரி தகட்டின் பள்ளத்தில் படிந்தால் தகடு அசையாமல் ஒட்டிக்கொள்கிறது, அழுத்தம் குறைகிறது. அதனால்தான் நாள்தோறும் ஒருமுறையாவது சுற்றுமானியின் சிவப்புக் கோடு வரை சுழற்ற வேண்டும் என்ற வழக்கு அக்கார்களை வைத்திருப்போரிடையே ஏற்பட்டது. 'ஆர்.எக்ஸ்.-8' காரின் ஆற்றல் மிகுந்த வகையில் அந்தக் கோடு நிமிடத்துக்கு 9000 சுற்றில் இருந்தது. ஆனால் அது தண்டின் சுற்று. தண்டு மூன்று முறை சுற்றினால் சுழலி ஒரு முறைதான் சுற்றுகிறது. எனவே 9000 என்று முள் காட்டும்போதும் சுழலியின் வேகம் 3000 தான்! இதை அறியாமல், "அந்தக் கார் தாங்குகிறதே, என் வண்டி தாங்காதா?" என்று கேட்பது பொருந்தாது.

சுழல் இன்ஜின் காரை நம் ஊர்ச் சாலையில் நான் கண்டதில்லை. ஆயினும் அதே குணமுள்ள இன்ஜினை நாம் நன்கு அறிவோம். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிளும் டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. இவற்றிலும் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போய் எரிகிறது. பிஸ்டன் தலையிலும், புகை வெளியேறும் துவாரத்திலும், சைலன்சரிலும் கரி படிகிறது. சந்துக்குச் சந்து நின்று நின்று மெல்ல ஓடும் வண்டியில் இப்படிவு இன்னும் அதிகம். ஆக, "முறுக்கு" என்னும் அறிவுரை நம் பட்டறைகளில் ஆதாரமின்றித் தோன்றியதன்று. அதில் ஓர் உண்மை இருக்கிறது.

அந்த உண்மை என்ன? கரியை விரட்டுவது வெப்பமே. சுற்று வேகம் தனியே அதைச் செய்வதில்லை. பிளக்கின் முனை ஏறத்தாழ 450 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடைந்தால்தான் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அந்த வெப்பம் எப்போது வரும்? இன்ஜின் பாரம் இழுக்கும்போது வரும். பாரம் இழுக்க அதிக எரிபொருள் வேண்டும்; அதிக எரிபொருள் எரிந்தால் அதிக வெப்பம் உண்டாகும். ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரம் வெறுமனே சுழல, 'விர் விர்' என்று முறுக்கும்போது சத்தம்தான் பெரிது. பாரமில்லாததால் எரியும் பெட்ரோல் குறைவு. கிடைக்கும் வெப்பமும் குறைவு.

சரி, நன்மைதான் இல்லை, தீமையாவது இல்லாமல் இருக்கிறதா? அதுவும் இல்லை. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனை ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருப்ப வேண்டிய விசை, சுற்று வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. இன்ஜின் சூடேறாத அதிகாலையில், பாகங்கள் இன்னும் சரியான அளவுக்கு விரிவடையாத வேளையில், இந்த ஒன்பது மடங்கை அதன் தலையில் ஏற்றுவது கொடுமையல்லவா?

நம் மாவட்டத்தில் இதற்கு எதிர்ப்பக்கமான ஆபத்தும் உண்டு. சிறுமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வாழைத்தாருடன் இறங்கும் டூ ஸ்ட்ரோக் வண்டியை எண்ணிப் பாருங்கள். சரிவு இழுப்பதால் இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை மூடியிருக்கிறார். பெட்ரோல் வராததால் அதோடு கலந்து வரும் எண்ணெயும் வருவதில்லை. இப்படி நெடுநேரம் இறங்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளக்கூடும். இறக்கத்தில் இடையிடையே சிறிது முறுக்கிவிடும் பழைய ஓட்டுநர்களின் பழக்கம் பகட்டன்று. அது இன்ஜினுக்கு எண்ணெய் ஊட்டும் செயல். பள்ளிக்கூடம் போகாதவர் கையிலும் இயற்பியல் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மற்ற இன்ஜின்களின் கதை வேறு. இன்று விற்கும் எக்ஸ்.எல். 100 மொபெட் ஃபோர் ஸ்ட்ரோக் வகை. அதில் எண்ணெய் தனியே தங்குகிறது. பெட்ரோலோடு கலந்து எரிவதில்லை. கரிக்காக அதை எல்லைவரை முறுக்க வேண்டிய தேவையே இல்லை. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றினால் போதும். 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதியால், புதிய டீசல் வாகனங்கள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. ஊருக்குள்ளேயே சுற்றினால் அது அடைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து நின்ற இடத்தில் உறுமுவதன்று. மதுரைச் சாலையிலோ கரூர்ச் சாலையிலோ சிறிது தூரம் சீராக ஓட்டுவதே. கிணற்று மேட்டில் நம் பாட்டனார் ஓட்டிய ஆயில் இன்ஜினோ, வேகக் கட்டுப்படுத்தி வைத்த ஒரே வேகத்தில், தண்ணீர் என்னும் பாரத்தை இழுத்து ஆண்டுக்கணக்கில் உழைத்தது. அதை யாரும் எல்லைவரை முறுக்கவில்லை!

"ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற" என்பார்கள் நம் பெரியோர். இன்ஜினுக்கும் இது பொருந்தும். எனவே என் முடிவு இது: எண்ணெயை எரிக்கும் இன்ஜினாயின், அது நன்கு சூடான பின், பாரத்தோடு, திறந்த சாலையில் சில நிமிடம் தாராளமாக ஓட விடுவது நன்மையே. அதற்கும் எல்லைக்கோட்டைத் தொட வேண்டிய கட்டாயமில்லை. குளிர்ந்த இன்ஜினையும், பாரமற்ற இன்ஜினையும் முறுக்குவது தீமை. ஏற்கெனவே இறுகிப்போன கரிக்கு எவ்வளவு முறுக்கியும் பயனில்லை. சைலன்சரைக் கழற்றிச் சுரண்டித்தான் ஆக வேண்டும். "கொஞ்சம் கூட இருந்தால் இன்ஜினுக்குப் பலம்" என்று ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவதை நிறுத்தினாலே பாதிக் கரி வராது.

இளைஞர் சிலர் இந்த அறிவுரையையே சாக்காக்கி நான்கு வழிச் சாலையில் பறக்கின்றனர். "இன்ஜினுக்கு நல்லது" என்று வீட்டில் சொல்கின்றனர். இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கலாம். ஓட்டியவனைப் புதுப்பிக்கும் பட்டறை எங்கும் இல்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், கோயில் வளாகம் கூட்டுகிறோம். அவற்றோடு ஒரு நாளை மொபெட்டுக்காக ஒதுக்கலாமே! பட்டறைப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்து, சைலன்சர் சுரண்டவும், பிளக் துடைக்கவும், ஆயில் அளக்கவும் கிராமத்தார்க்குச் செய்து காட்டச் சொல்லலாம். ஏன் அப்படி என்பதை இயற்பியல் மாணவர்களாகிய நாம் எளிய தமிழில் சொல்லலாம். கையறிவும் ஏட்டறிவும் ஒரே மரத்தடியில் அமரட்டும். அன்று எத்தனை வண்டிகளின் கரி நீங்குகிறதோ, அத்தனை வீடுகளில் ஒரு நாள் கூலி மிச்சமாகும்.