வீட்டுப் பட்டறை: ஸ்டியரிங் ஆடினால் பழுது எங்கே?

சித்தியவான் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தவராம். அவர் வாங்கிய மோரிஸ் மைனர் காடி இன்னும் வீட்டில் இருக்கிறது. வாரத்திற்கு ஒருமுறை கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் ஓடுகிறது. "ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்தால் மேலும் கீழும் ஆடுகிறது. செம்மண் பாதையில் போனால் கடகடவென்று சத்தம். இதை நானே பார்க்கலாமா, பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா?" என்பது அவருடைய கேள்வி.

பார்க்கலாம், தம்பி. ஆனால் எதைப் பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்துத் தெரிந்துகொண்ட பிறகு கை வையுங்கள். வானொலிப் பெட்டி பழுதானால் பாட்டு நின்றுபோகும், அவ்வளவுதான். ஸ்டியரிங் அப்படிப்பட்டதல்ல. பின் இருக்கையில் பாட்டியும் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு 1959இல் மினி காடியைக் கொடுத்தவரும் அவர்தான். 1960 டிசம்பரில் பத்து லட்சமாவது மைனர் வெளியே வந்தது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் காடி இதுவே. நம் நாட்டில் கிராணிமாரும், டிரசர்மாரும், பள்ளிக்கூட ஆசிரியர்களும் இதை விரும்பி வாங்கியதற்குக் காரணம், எளிமையான வேலைப்பாடு. ஒரு பெட்டி ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே பாதிப் பழுதைப் பார்த்துவிடலாம்.

இதன் ஸ்டியரிங் 'ரேக் அண்ட் பினியன்' வகை. சக்கரத்தைத் திருப்பினால் தண்டு சுழலும். தண்டின் அடியில் இருக்கிற சிறு பல்சக்கரம், பற்கள் வெட்டிய நீளமான கம்பியை இடமும் வலமும் தள்ளும். அந்தக் கம்பி டயர்களைத் திருப்பும். அந்தக் காலத்து மற்றப் பல காடிகளில் இருந்த ஸ்டியரிங் பெட்டியைவிட இது இறுக்கமானது. இங்கிலாந்தின் வாகனப் பரிசோதனையில், 380 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள சக்கரத்திற்கு, டயர் அசையாமல் சக்கரத்தின் விளிம்பு மட்டும் சும்மா நகரும் தூரம் ரேக் வகையில் 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. மற்ற வகைக்கு 75 வரை விடுகிறார்கள். ஆகவே, "பழைய காடி, அப்படித்தான் ஆடும்" என்று யாராவது சொன்னால் மோரிஸ் விஷயத்தில் நம்பாதீர்கள். அரை அங்குலத்திற்கு மேல் வெறுமனே நகர்ந்தால் எங்கோ தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

எங்கே தேய்ந்திருக்கிறது? இதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு. எனக்குத் தெரிந்த லாரி டிரைவர் ஒருவர் தம்முடைய மைனரைப் பட்டணத்துப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனார். பெயர் வேண்டாம். ரேக் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, அவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கேட்டார்கள். உண்மையில் போயிருந்தது தண்டின் தலைப்பில் இருக்கிற ஃபெல்ட் புஷ். கம்பளித் துணிபோன்ற ஒரு துண்டு! சில வெள்ளிக்குள் முடிகிற காரியம்.

காடியைச் சமதரையில் நிறுத்தி, டயர்களை நேராக வைத்து, கை பிரேக்கை இழுத்து, பின் டயருக்குக் கட்டை கொடுங்கள். முதலில் சக்கரத்தைத் திருப்பாமல், இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், உங்கள் பக்கமும் எதிர்ப்பக்கமும் அசைத்துப் பாருங்கள். வெளிக்குழாய் அசையாமல் உள்ளே இருக்கிற தண்டு மட்டும் 'டொக் டொக்'கென்று இடித்தால், மேலே உள்ள புஷ் தேய்ந்துவிட்டது. குழாயும் சேர்ந்து ஆடினால், டேஷ்போர்டுக்கு அடியில் குழாயைப் பிடித்திருக்கும் பிடியின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. இறுக்கினால் போதும்.

அடுத்த சோதனைக்கு இன்னொருவர் வேண்டும். தங்கச்சியை உள்ளே உட்கார வைத்து, சக்கரத்தை இடமும் வலமும் கொஞ்சமாக, விடாமல் அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போனட்டைத் திறந்து, தண்டின் அடியிலிருந்து தொடங்கி ரேக், அதன் இரு முனைப் பந்து மூட்டுகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போங்கள். ஒரு மூட்டுக்கு இந்தப் பக்கம் அசைவு இருந்து அந்தப் பக்கம் இல்லையென்றால், பழுது அந்த மூட்டில்தான். மூட்டின்மேல் விரலை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் தெரியும்.

இனி, தம்பியின் காடியில் பழுது ஃபெல்ட் புஷ்ஷில்தான் என்று வைத்துக்கொண்டு வேலையைச் சொல்கிறேன். முதலில் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். மோரிஸில் பாசிட்டிவ் முனைதான் எர்த். இப்போதைய காடிகளுக்கு நேர் எதிர். பழக்க தோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடாமல் இருக்க, கழற்றும்போதே ஒயரில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானரும் அங்குல அளவாக இருக்கட்டும். மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு நட்டின் முனைகளை மழுங்கடித்த பழைய காடிகள் எத்தனையோ.

சக்கரத்தின் நடு மூடியை எடுத்தால் பெரிய நட்டு தெரியும். கழற்றுவதற்குமுன் சக்கரம், தண்டு இரண்டிலும் நேருக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். இல்லையென்றால் திரும்ப மாட்டும்போது காடி நேராகப் போகும், சக்கரம் கோணலாக நிற்கும். நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுவதும் எடுத்துவிடாதீர்கள். நாலைந்து புரி தண்டிலேயே இருக்கட்டும். பிறகு சக்கரத்தின் பின்பக்கத்தை இரண்டு உள்ளங்கையாலும் மாறி மாறித் தட்டி இழுங்கள். பல வருஷம் பிடித்திருந்த சக்கரம் திடீரென்று விடுபடும். நட்டு இல்லையென்றால் அது நேரே உங்கள் பல்லில் வந்து மோதும். அசையவே இல்லையா? இழுப்பான் ஒன்றை இரவல் வாங்குங்கள். தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்கவேண்டாம். புரி நசுங்கிவிட்டால் அந்த நட்டை இனி நம்ப முடியாது.

சக்கரம் வந்த பிறகு சிக்னல் விசையை நகர்த்தி வைத்துவிட்டு, குழாய்க்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கிற பழைய ஃபெல்ட்டை வளைந்த கம்பியால் கிண்டி எடுங்கள். கறுத்து, உலர்ந்து, தூளாகத்தான் வரும். உள்ளே மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, தண்டை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. பள்ளம் விழுந்திருந்தால் புதுப் புஷ் போட்டும் பயனில்லை. தண்டையே மாற்ற வேண்டும்.

புது ஃபெல்ட்டைப் போடுமுன் எஞ்சின் எண்ணெயில் நன்றாக ஊறவைத்துப் பிழியுங்கள். உலர்ந்த ஃபெல்ட்டைப் போட்டால் கீச்சுக் கீச்சென்று கத்தும், சீக்கிரம் தேயும். தண்டைச் சுற்றி ஒரே சுற்று வைத்து, மடிப்பு விழாமல் குழாய்க்குள் தள்ளுங்கள். பிளாஸ்டிக் போன்ற பொருளில் செய்த புஷ்ஷும் பழைய காடிச் சாமான் விற்பவர்களிடம் உண்டு, அதுவும் நல்லதே. ரப்பர் குழாயை வெட்டித் திணிக்கிற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதும், தண்டைப் பிடிக்கும்; திருப்பிய சக்கரம் திரும்பி வராது.

சக்கரத்தைக் கோட்டுக்கு நேராக மாட்டி நட்டை நன்றாக இறுக்குங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருப்பிப் பாருங்கள். எங்கேயும் பிடிக்கக்கூடாது.

கையோடு தண்டின் அடிமுனையையும் பார்த்துவிடுங்கள். அங்கே ஒரு பிடியும் அதை இறுக்கும் போல்ட்டும் இருக்கின்றன. அந்தப் போல்ட்டு கழன்றுபோனால் சக்கரம் உங்கள் கையில் சுற்றும், டயர் தன் இஷ்டத்திற்குப் போகும். டப்பாவில் கிடக்கும் ஏதோ ஒரு போல்ட்டை அங்கே போடாதீர்கள். அதே அளவில், வலுவான எஃகுப் போல்ட்டும் தளராத நட்டும் வாங்கிப் போடுங்கள். ரேக்கின் இரு முனையிலும் இருக்கிற ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். கிழிசல் வழியே எண்ணெய் வெளியேறி மண் உள்ளே போகும். ரேக்குக்கு விடவேண்டியது 90 நம்பர் கியர் எண்ணெய், கிரீஸ் அல்ல.

தம்பி கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடகடவென்று கத்துகிற ஃபெல்ட் யாரையும் கவிழ்த்துவிடாது. மோரிஸில் நான் பயப்படுவது முன் டயரின் பின்னால் இருக்கிற 'ஸ்விவல் பின்'னையும், அது திருகியிருக்கிற 'டிரன்னியன்' என்ற துண்டையும்தான். புரி போட்ட அந்த இரண்டும் கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால், ஒருநாள் கீழ்ப்புரி கழன்று, டயர் மட்கார்டுக்கு அடியில் மடிந்துவிடும். வாசலில் திருப்பும்போது நடந்தால் அதிர்ஷ்டம். நெடுஞ்சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. குழியும் சேறுமான தோட்டப் பாதையில் ஓடும் காடிக்கு இது இன்னும் சீக்கிரம் தேயும்.

முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு அல்லது கனத்த மரக்கட்டை கொடுத்து நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவேண்டாம். டயரின் தலையையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றால் அது பேரிங்; நிற்காவிட்டால் ஸ்விவல் பின் பக்கம். அப்படியானால் அந்தக் காடியை ஓட்டாதீர்கள். விவரம் தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து வாருங்கள், அல்லது இழுவை லாரியில் ஏற்றி அனுப்புங்கள். ஆட்டம் இல்லையென்றால், ஒவ்வொரு பக்கத்திலும் மேலும் கீழும் இருக்கும் நிப்பிள்களில், டயர் தரையைத் தொடாத நிலையிலேயே, புது கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். டயர் தரையில் நின்றால் பாரம் தாங்கும் பக்கத்திற்குக் கிரீஸ் போய்ச் சேராது.

ஸ்டியரிங்கில் எந்தப் பாகத்தையும் வெல்டிங் வைக்கவோ, நெருப்பில் காய்ச்சி வளைக்கவோ விடாதீர்கள், எவ்வளவு கைதேர்ந்தவர் சொன்னாலும் சரி. மோரிஸின் தண்டு ஒரே நேர்க்கம்பி. மோதினால் மடங்கிக் கொடுக்கிற தண்டை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1967ஆம் ஆண்டுக் காடிகளில்தான் கொண்டுவந்தது. ஆகவே பழைய காடிக்கு நல்ல இடுப்பு வார் மாட்டி வையுங்கள். சக்கரத்தின் நடுவில் ஏர்பேக் இருக்கும் புதுக் காடியை, இந்தப் பக்கத்தைப் படித்த துணிச்சலில் திறக்கவேண்டாம். அதற்குள் வெடிமருந்து இருக்கிறது.

ஃபோக்ஸ்வேகன் 'ஆமைக் காடி' வைத்திருக்கும் இன்னொரு வாசகர், ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கிற ரப்பர் வட்டை மாற்றியதிலிருந்து ஹார்ன் அடிக்கவில்லை என்கிறார். அந்த வட்டு மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் அதைத் தாண்டி ஒரு சின்ன ஒயர் ஸ்டியரிங் பெட்டிக்குப் போகும். ஹார்ன் எர்த் பிடிப்பது அதன் வழியாகத்தான். வட்டை மாற்றியவர் ஒயரை மாட்ட மறந்திருப்பார். கீழே குனிந்து பாருங்கள், தொங்கிக்கொண்டிருக்கும்.