1,800 ரிங்கிட் கேபிளும் 18 ரிங்கிட் ரப்பரும்

என் காதில் மாட்டியிருக்கும் பொருளின் விலையை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. "என்னய்யா, புதுசா?" என்று கேட்டார். "பழசும்மா, ஒரு ஆள்கிட்ட வாங்கினேன்" என்றேன். பொய் இல்லை. ஆனால் அந்தப் பழசுக்கு நான் கொடுத்தது 6,500 ரிங்கிட். 64 ஆடியோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் யூ12டி. புதிதாக வாங்கினால் 1,999 அமெரிக்க டாலர். எட்டு மாதம் கழித்து அதற்கு 1,800 ரிங்கிட்டில் ஒரு கேபிளும் வாங்கினேன். இந்தக் கட்டுரை அந்தக் கேபிளுக்கு எதிரானது. அதைவிட, அதை என்னை வாங்க வைத்த மொழிக்கு எதிரானது.

இலக்கிய இதழில் இயர்ஃபோன் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். இதை வாசிக்கும் பலரின் காதில் இந்நேரம் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இவற்றை எனக்கு விற்றது விளம்பரம் இல்லை, விமர்சனம். விமர்சனம் என்றால் என்ன என்று ஓயாமல் சண்டை போடுகிறவர்கள் நாம். ஆகவே இந்தச் சண்டையும் நம் வீட்டுச் சண்டைதான்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காதுக் குழாய்க்குள் நுழைந்து வெளிச்சத்தத்தை அடைக்கும் இயர்ஃபோனைத்தான் 'இன்-இயர் மானிட்டர்' என்கிறார்கள். மேடைக் கலைஞனுக்கானது. 1995இல் ஜெர்ரி ஹார்வி என்ற ஒலிப் பொறியாளர், வான் ஹேலன் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்து கொடுத்ததிலிருந்து இந்தச் சந்தை வளர்ந்தது. அதற்கு முன்பே, 1991இல், எட்டிமோட்டிக் நிறுவனம் ஈஆர்-4 என்ற மாதிரியைக் கொண்டுவந்திருந்தது. இவற்றின் உள்ளே இருக்கும் அரிசிமணி அளவுப் பெட்டிக்கு 'பேலன்ஸ்ட் ஆர்மச்சர்' என்று பெயர். காது கேளாதோர் அணியும் செவித்துணைக் கருவியிலிருந்து வந்தது அது. இந்தத் தகவலை மனத்தில் வையுங்கள். பிறகு அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது வேண்டும்.

யூ12டி வாங்கிய நாள் முதல் எனக்கு ஒரு குறை. பேஸ் மெலிதாக இருந்தது. பேஸ் கிட்டாரை நம்பியே ஓடுகிற இளையராஜா பாடல்களில்கூட அடி எழும்பவில்லை. நண்பர்களிடம் கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "கேபிள மாத்து ப்ரோ." செம்பு போட்டால் ஒலி கதகதப்பாகும், வெள்ளி போட்டால் பளிச்சென்று ஆகும், இரண்டையும் பின்னினால் இரண்டும் கிடைக்கும். சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நான் மின்னணுப் பொறியியல் படித்தவன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு ஓம் விதியோடு குடும்பம் நடத்தியவன். அப்படியிருந்தும் வாங்கினேன். வெட்கக்கேடு என்றால் இதுதான்.

கடையில் எப்படி விழுந்தேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும். முதலில் பழைய கேபிளை பிளேயரின் 3.5 மில்லிமீட்டர் துளையில் மாட்டி ஒரு பாட்டு போட்டார்கள். பிறகு புதுக் கேபிளை 4.4 மில்லிமீட்டர் 'பேலன்ஸ்ட்' துளையில் மாட்டி அதே பாட்டு. வால்யூம் எண்ணைத் தொடவே இல்லை. "கேட்டீங்களா பாஸ்?" கேட்டேன். பாட்டு விரிந்தது, எழுந்தது, உயிர் வந்தது. நான் யோசிக்க மறந்தது ஒன்றுதான். பல பிளேயர்களில் அந்த 4.4 துளை அதே வால்யூம் எண்ணில் இரண்டு மடங்கு மின்னழுத்தம் தரும். அதாவது 6 டெசிபல் கூடுதல் சத்தம். இரண்டு ஒலிகளில் சத்தமானதுதான் நல்லது என்று மனிதக் காது நம்பிவிடும். அங்கே நான் கேபிளைக் கேட்கவில்லை, வால்யூமைக் கேட்டேன்.

இப்போது கணக்கு. 20,000 ஹெர்ட்ஸ் என்பது நல்ல இளம் காதுக்குக் கேட்கும் உச்சம். அந்த அலையின் நீளம் கேபிளுக்குள் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். நம் கேபிளோ 1.2 மீட்டர். இந்த நீளத்தில் கேபிள் ஒரு சின்ன மின்தடை, அவ்வளவுதான். வெள்ளி செம்பைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். செம்புக் கம்பியைக் கொஞ்சம் தடிமனாக்கினால் அதே பலன் வந்துவிடும். மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடும் என்று 'ஸ்கின் எஃபெக்ட்' கதை ஒன்றும் சொல்வார்கள். 20,000 ஹெர்ட்ஸில் செம்பில் அந்த ஆழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கேபிளின் ஒவ்வொரு இழையும் அதைவிட மெல்லியது. கதை முடிந்தது.

கேபிளால் எதுவுமே மாறாது என்று நான் சொல்லவில்லை. பல டிரைவர்கள் உள்ள சில இயர்ஃபோன்களின் இம்பிடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு அவை காட்டும் எதிர்ப்பு, அதிர்வெண்ணுக்கு ஏற்ப மேலும் கீழும் போகும். ஓரிடத்தில் 8 ஓம், இன்னோரிடத்தில் 32 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேபிளின் தடை 0.2 ஓம், மற்றொன்று 0.6 ஓம். இரண்டுக்கும் இடையே தொனியில் வரும் வித்தியாசம் ஏறத்தாழ 0.3 டெசிபல். கூர்ந்து கேட்டால் ஒருவேளை பிடிபடலாம். ஆனால் சில காசு விலையுள்ள ஒரு ரெசிஸ்டரும் இதையே செய்யும். அதைப் பட்டுத்துணிப் பெட்டியில் வைத்து விற்க முடியாது, அதுதான் சிக்கல்.

என் கதையில் இன்னொரு வேடிக்கை உண்டு. யூ12டியின் இம்பிடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறத்தாழ ஒரே அளவாக, 12 ஓம் சொச்சமாக இருக்கும்படி அதைச் செய்தவர்களே வடிவமைத்திருக்கிறார்கள். இடையில் என்ன தடை வந்தாலும் தொனி மாறக்கூடாது என்பதற்காகவே அப்படி. கேபிளால் அசையக்கூடாது என்று கட்டிய வீட்டுக்கு, அசைத்துப் பார்க்க 1,800 ரிங்கிட் கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் சோதித்தேன். காதுக் குழாயைப் போலச் செய்த மலிவான அளவுக்கருவி ஒன்று என்னிடம் உண்டு. அதன் மைக்கில் இரண்டு கேபிள்களையும் பதிவுசெய்தேன். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. உயரத்தில் மட்டும் மயிரிழை வித்தியாசம். சத்தத்தைச் சமப்படுத்தி, எது எதென்று மறைத்துவிட்டுக் கேட்க வைக்கும் மென்பொருளில் போட்டு 20 தடவை ஊகித்தேன். 11 சரி. சில்லறையைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே கதிதான்.

அப்படியென்றால் பேஸ் எங்கே போனது? என் இடது காதில். என் இடது காதுக் குழாய் வலதைவிடப் பெரியது. எட்டு மாதமாக இரண்டு பக்கமும் ஒரே அளவு ரப்பர் டிப் போட்டிருந்தேன். இடது பக்கம் காற்று கசிந்துகொண்டிருந்தது. முனை சரியாக அடைக்காவிட்டால் முதலில் ஓடிப்போவது பேஸ். அரை டெசிபல், கால் டெசிபல் இல்லை, 10 டெசிபலுக்கு மேலும் போகும். இடதுக்குப் பெரிய அளவு, வலதுக்கு நடுத்தரம் என்று 18 ரிங்கிட்டுக்குச் சாதாரண சிலிகான் டிப் வாங்கிப் போட்டேன். அன்று இரவு தூங்கும்போது மணி மூன்று.

நீங்களும் செய்து பாருங்கள். 40 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை மெதுவாக ஓடவிட்டு, இயர்ஃபோனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் கூடினால் உங்கள் டிப் பொருந்தவில்லை. டிப்பின் துளை அகலமும் அது நுழையும் ஆழமும் மேல் ஸ்தாயியையும் மாற்றும். 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் எழும் கூர்மை இடம் பெயர்வது இதனால்தான். நுரை டிப் மேல் ஒலியைக் கொஞ்சம் மழுக்கும். ஃபைனல், ஸ்பின்ஃபிட், அஸ்லா, கம்ப்ளை என்று எதை வாங்கினாலும் சரி, பெயரைவிட அளவு முக்கியம். இந்தப் பொழுதுபோக்கில் அதிக வித்தியாசம் தருவது ஆகக் குறைந்த விலைப் பொருள்தான். அதைப் பற்றி யாரும் பத்துப் பக்கம் எழுதுவதில்லை.

விலைக்கும் ஒலிக்கும் என்ன உறவு? ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களை அளந்து 2017இல் முடிவை வெளியிட்டார். காதுக்குள் போடுபவையும் அதில் அடங்கும். அவற்றின் அதிர்வெண் வளைவுக்கும் சில்லறை விலைக்கும் தொடர்பு இல்லை என்பதே கட்டுரையின் தலைப்பு. நான் 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ என்ற 20 டாலர் சமாச்சாரத்தை ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன். யூ12டி அதைவிட நன்றாகத்தான் இருக்கிறது. நெரிசலான பகுதிகளில் வாத்தியங்கள் தெளிவாகப் பிரிகின்றன, நீண்ட நேரம் போட்டாலும் காது வலிக்கவில்லை. ஆனால் நூறு மடங்கு நன்றாக இல்லை. இரண்டு மடங்கு என்று சொல்லவே யோசிக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு பதில் வரும், தெரியும். "ரசனை தனிப்பட்டது பிரதர். எனக்குக் கேக்குது, உனக்குக் கேக்கலன்னா நான் என்ன செய்ய?" நம் இலக்கிய வட்டத்திலும் இதே வசனத்தைத்தான் கேட்கிறேன். "எனக்குப் பிடித்திருக்கிறது" என்பதை யாரும் மறுக்க முடியாது. நானும் மறுக்கவில்லை. ஆனால் "இந்தக் கேபிளால் ஒலிமேடை விரிந்தது" என்பது ரசனை இல்லை, காரணம் சொல்வது. காரணம் சொன்னால் நிரூபிக்கவேண்டும். ஒரு நாவல் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதன் மொழியால்தான் அது உயர்ந்தது என்றால் மொழியை எடுத்துக் காட்டவேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நம் நூல் வெளியீடுகளில் ஒவ்வொரு நூலும் மைல்கல் ஆகிறது. அங்கே 'ஆழமான படைப்பு', இங்கே 'ஆழமான பேஸ்'. எந்தப் பொருளுக்கும் ஒட்டும் சொல் எந்தப் பொருளைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. வாங்கியவனோ செலவழித்த காசுக்கு நியாயம் தேடி அதே சொற்களை அடுத்தவனுக்குச் சொல்கிறான். நானும் சொன்னேன். "செம்பு போட்டதும் அடி கனமாயிடுச்சுடா" என்று ஒரு ஜூனியர் பையனிடம் சொல்லியிருக்கிறேன். சம்பளம் வந்த வாரத்தில் அவனும் ஒன்று வாங்கிவிட்டான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா 24 ஆண்டு உலோகத் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை நம் நாட்டு விதியே அனுமதித்த காலம் அது. 2019இல்தான் அந்த எல்லை 85 ஆனது. அவருடைய செவிச் சோதனைத் தாளைப் பார்த்தேன். 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும், என்ன பேசினோம் என்பது தெரியாது. ச, ஸ, ஷ எல்லாம் போய்விட்டன. அவருக்குப் பொருத்திய செவித்துணைக் கருவிக்குள்ளும் அதே அரிசிமணிப் பெட்டிதான். அவருக்குக் காதுக்கு ஒன்று, அதில் மகன் குரல். எனக்குக் காதுக்குப் பன்னிரண்டு, அதில் 'ஹோட்டல் கலிபோர்னியா'.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கடையில் எனக்கு விற்ற 6 டெசிபல் 'மேம்பாடு' 40 மணியைப் பத்து மணியாக்கும். கசியும் டிப்பும் இதையேதான் செய்கிறது. எல்.ஆர்.டி. இரைச்சல் உள்ளே வரும், பேஸ் வெளியே போகும், விரல் தானாக வால்யூமை ஏற்றும். அப்பாவுக்கு யாரும் தேர்வு தரவில்லை. எனக்கு இருக்கிறது.

அதனால் இவ்வளவுதான் சொல்வேன். முதல் காசை டிப்புக்குக் கொடுங்கள். ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்தச் சொல்லுங்கள், முடியாது என்றால் கடையை விட்டு வெளியே வாருங்கள். கேபிள் அறுந்தால் புதியது வாங்குங்கள். அழகாக இருக்கிறது, காதில் உறுத்தவில்லை, சிக்கிக்கொள்ளவில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள், சங்கிலி வாங்குவதில்லையா? ஆனால் ஒலிக்காக வாங்கினேன் என்று அடுத்தவனிடம் சொல்லாதீர்கள்.

என் கேபிளை விற்பனைக்குப் போட்டிருக்கிறேன். "ஒலியில் வித்தியாசம் இல்லை, பின்னல் அழகு, 700 ரிங்கிட்" என்று எழுதினேன். மூன்று பேர் தொடர்புகொண்டார்கள். இருவர் கேட்டது, "கதகதப்பா, பளிச்சா?" இரண்டும் இல்லை என்றதும் காணாமல் போனார்கள். மூன்றாமவர் என்ன நிறம் என்று மட்டும் கேட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைச் சந்திக்கிறேன்.