மலை மேல் திணறும் விந்தணு

வெள்ளிச் சுரங்கத்தை நம்பி 1545-ல் உருவான நகரம் பொட்டோசி. தென் அமெரிக்காவின் பொலிவியாவில், சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையேறி வந்த ஸ்பெயின்காரர்களுக்கு வெள்ளி குவிந்தது, தொட்டில்தான் ஆடவில்லை. ஸ்பானியத் தம்பதிக்குப் பிறந்து உயிர் தங்கிய முதல் குழந்தையைப் பார்க்க 53 வருடங்கள் ஆனதாக 17-ம் நூற்றாண்டுப் பாதிரியார் கலாஞ்சா எழுதியிருக்கிறார். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த பழங்குடியினர் வீடுகளில் பிள்ளைகளுக்குக் குறைவில்லை என்பதையும் அவரே சொல்கிறார்.

பொட்டோசியில் முக்கியமாக, பிறந்த சிசுக்கள்தான் பிழைக்கவில்லை. ஆனால் கரு உண்டாவதற்கு முன்பே, ஆணின் பக்கமும் சிக்கல் இருக்குமோ? 1960-களில் பெரு நாட்டில் கடலோரத்து ஆண்களை 4,200 மீட்டருக்கு மேலுள்ள செரோ டி பாஸ்கோ ஊருக்கு அழைத்துப்போய்ப் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் விந்தணு எண்ணிக்கை குறைந்தது. உருக்குலைந்த அணுக்கள் கூடின.

காற்றில் ஆக்சிஜன் எங்கேயும் 21 சதவிகிதம்தான். உயரம் போகப் போக காற்றழுத்தம் குறைவதால், 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. இதில் விரைகள் முதலில் அடிவாங்கக் காரணம் உண்டு. விந்தணு வளரும் நுண்குழாய்களுக்குள் ரத்த நாளமே கிடையாது. வெளியே ஓடும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜன் கசிந்து உள்ளே வரவேண்டும். சமவெளியிலேயே அங்கு கைக்கும் வாய்க்குமான பிழைப்புதான். மலையில் துண்டு விழுகிறது.

அப்போது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற மின்நிலையம் தடுமாறி, தீய ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்குகிறது. விந்தணுவின் மேலுறையில் கொழுப்பு அதிகம். பழைய முறுக்கில் எண்ணெய் சிக்குவாடை அடிக்கிறதே, ஏறக்குறைய அதே வேதிமாற்றம்தான் இங்கும் நடக்கிறது. உறை கெட்டால் வால் சரியாக அசையாது. உள்ளே டிஎன்ஏ இழையும் அறுபடும். மற்ற செல்கள் இதைப் பழுதுபார்த்துக்கொள்ளும். விந்தணுவோ நீந்துவதற்காக உள்சரக்கையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு வந்தது. பழுதுபார்க்கக் கையில் கருவி இல்லை. வளரும் பருவத்திலேயே அடிபட்டவை தங்களைத் தாங்களே அழித்துக்கொள்கின்றன. எண்ணிக்கை குறைவது இப்படித்தான்.

இதற்கும் தாம்பத்திய ஆற்றலுக்கும் முடிச்சுப் போடவேண்டாம். அது வேறு, விந்தணுவின் தரம் வேறு.

லடாக், சியாச்சின் பகுதிகளில் பணியாற்றும் நம்மூர் வீரர்களின் வீடுகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் ஆகும். முதிர்ந்து வெளிவர மேலும் ஒன்றிரண்டு வாரம். ஒரு மாத லீவில் வரும் கணவரிடம் எடுக்கும் பரிசோதனையில் தெரிவது, மலை மேல் உருவான அணுக்கள்தான். அந்த ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து அவரைக் குறையுள்ளவர் என்பதும் தப்பு. பரிசோதனையே செய்யாமல் ‘இன்னும் விசேஷம் இல்லையா?’ என்று மருமகளைக் குடைவது அதைவிடப் பெரிய தப்பு.

இமயமலைப் பக்கம் மலையேறித் திரும்பியவர்களைச் சோதித்தபோது, ஆறு மாதத்தில் எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்திருந்தது. அதனால் கடந்த மூன்று மாதம் எங்கே, எவ்வளவு உயரத்தில் இருந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சமவெளிக்கு வந்து மூன்று மாதமாவது கழித்து மறுபரிசோதனை எடுக்கலாம்.

லே டூர் போகும் புதுமாப்பிள்ளைகள் பதற வேண்டியதில்லை. எண்ணிக்கை குறைந்தாலும் பூஜ்யமாகிவிடாது. அதை நம்பிக் கருத்தடையை மறந்தவர்களுக்கு, பத்தாவது மாதம் வீட்டில் தொட்டில் கட்ட வேண்டியிருக்கும்!