கட்டடம் இருக்கு... சாவி யார் கையில்?

பிளஸ்–2 ரிசல்ட் வந்ததும் நம் ஊரில் ஒரு பெரிய கூட்டம் தெருவில் இறங்கிவிடும்.

பையனையோ பெண்ணையோ கூட்டிக்கொண்டு காலேஜ் காலேஜாக அலைகிற கூட்டம்!

டாக்டருக்கு மார்க் போதாது. என்ஜினீயரிங் கட்டுப்படியாகாது. பி.காம். கிடைத்தால் போதும், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் கிடைத்தால் போன ஜென்மத்துப் புண்ணியம்.

அந்த நாட்களில் மின்சார ரெயிலில் காதைக் கொடுத்துப் பாருங்கள்.

"எட்டு மாடி சார்! லிப்ட் இருக்கு. கிளாசுல ஏ.சி. ஓடுது" என்பார் ஒருவர்.

"ஆடிட்டோரியம் சினிமா தியேட்டர் மாதிரி. காலேஜ் பஸ் நம்ம ஏரியா வரைக்கும் வருதாம்" என்பார் இன்னொருவர்.

"லைப்ரரியை எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க?" என்று கேட்கிறவர் யாராவது உண்டா? கிடையாது.

அதைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்கிறேன் நான்.

கலை–அறிவியல் கல்லூரி என்றால் என்ன? ஒரு நூலகம், நாலு சோதனைக்கூடம், பாடம் சொல்ல நல்ல வாத்தியார். இவ்வளவுதான் சரக்கு. மற்றதெல்லாம் பந்தல். அந்தச் சரக்கைப் பூட்டி வைத்துவிட்டுப் பந்தலைக் காட்டினால், காசு கொடுக்கிற நாம் பந்தலைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம்.

ராமனுக்குக் கிடைத்த ஸ்பெக்ட்ராமீட்டர்

கடற்கரையில் மாநிலக் கல்லூரி இருக்கிறதே, அது 1840ல் ஆரம்பித்தது. சர்.சி.வி.ராமன் அங்கே படித்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்படிப் படித்தார் என்பது பலருக்குத் தெரியாது.

இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு செய்முறைப் பயிற்சி உண்டு. ஸ்பெக்ட்ராமீட்டர் என்ற கருவியை வைத்து, முப்பட்டகக் கண்ணாடியின் கோணத்தை அளப்பது. இன்றைக்கும் உண்டு. எல்லாப் பையன்களும் கோணத்தை அளந்து, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ராமனும் அளந்தார். ஆனால் அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் சில ஒளிப்பட்டைகள் ஒழுங்கில்லாமல் தெரிவதைக் கவனித்தார். இது ஏன் என்று நோண்ட ஆரம்பித்தார். அவருடைய பேராசிரியர் ஜோன்ஸ் தடுக்கவில்லை. "வகுப்புக்கு வா, நோட்சை எழுது" என்று அதட்டவும் இல்லை. போனால் போகிறான் என்று விட்டுவிட்டார்.

1906ல் அந்தக் கட்டுரை லண்டன் 'பிலசாபிகல் மேகசின்' இதழில் அச்சானது. பையனுக்கு 18 வயது!

அடுத்த வருஷம் படிப்பு முடிந்தது. வயிற்றுப்பாட்டுக்குச் சர்க்கார் கணக்குத் துறையில் அதிகாரி உத்தியோகம். கல்கத்தாவில் வேலை. ஆபீஸ் விட்டால் நேராக வீட்டுக்குப் போகாமல், பவ்பஜார் தெருவில் இருந்த விஞ்ஞான சங்கத்தின் சோதனைக்கூடத்துக்குப் போவார். அதிகாலையிலும் போவார். நடுவில் ரங்கூன், நாகபுரி என்று டிரான்ஸ்பர் வேறு! இப்படி ஏறக்குறைய 10 வருஷம். 1917ல்தான் ஆபீஸ் வேலையை விட்டுப் பேராசிரியர் ஆனார். 1928ல் 'ராமன் விளைவு' அதே கூடத்தில்தான் பிறந்தது. 1930ல் நோபல் பரிசு.

ஆபீசில் உழைத்துவிட்டு இதைப் படிக்கிற குமாஸ்தா நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சாயந்திரம் ஆறு மணிக்கு அந்தக் கூடத்தின் கதவைத் திறந்துவிட ஆள் இருந்தது. இல்லாவிட்டால் ராமனும் வீட்டுக்குப் போய் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒண்ணரை மணிக்கு "வெளியே போ!"

இப்போது நம் பிள்ளைகள் கதைக்கு வருவோம்.

நகரத்தில் பல கல்லூரிகளில் இரண்டு ஷிப்டு. காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். அதே பெஞ்சு, அதே கரும்பலகை. படிக்க வருகிற ஏழைப் பிள்ளைகள் பெருகியதால் வந்த ஏற்பாடு. அதை நான் குறை சொல்லமாட்டேன். இடம் கிடைக்காமல் வீட்டில் உட்காருவதைவிட ஷிப்டு நல்லது.

ஆனால் நடப்பது என்ன? காலை ஷிப்டு முடிந்ததும் வாட்ச்மேன் கேட்டில் நின்றுகொண்டு விரட்டுகிறார். அடுத்த கூட்டம் உள்ளே வரவேண்டுமாம்! லைப்ரரியில் உட்காரலாம் என்றால், அங்கே மத்தியான ஷிப்டுக்காரர்களுக்கு நேரம். மத்தியான ஷிப்டுப் பிள்ளைகள் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது லைப்ரரிக் கதவில் பூட்டு தொங்குகிறது.

ஆக, காலை ஷிப்டுக்கும் இல்லை, மாலை ஷிப்டுக்கும் இல்லை. புத்தகம் யாருக்கு? கரையானுக்கா?

"வீட்டில் படிக்கவேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். எந்த வீட்டில்?

வியாசர்பாடியில், காசிமேட்டில், ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டிலா? டி.வி. ஒரு பக்கம், தண்ணீர் லாரி சண்டை ஒரு பக்கம். கண்ணகி நகர், பெரும்பாக்கம் பிள்ளைகள் பாதி நாளைப் பஸ்சிலேயே கழிக்கிறார்கள். மேஜை, நாற்காலி, மின்விசிறி, சத்தமில்லாத ஒரு மூலை – இது பணக்கார வீட்டுப் பையனுக்கு வீட்டிலேயே இருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே இடம் காலேஜ் லைப்ரரி. அதையும் பூட்டினால்?

கோட்டூர்புரத்தில் 2010ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம். சொந்தப் புத்தகம், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பாவோடு இளைஞர்கள் வந்து இருட்டும் வரை உட்காருகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிக்கிற ஆசை போய்விட்டது என்று சொல்கிறவர்கள் ஒருமுறை அந்த மாடிப்படி ஏறிவிட்டு வரட்டும்.

பெயரில் மட்டும் கௌரவம்

கதவு ஒருபுறம் இருக்கட்டும். உள்ளே நின்று பாடம் சொல்கிறவர் யார்?

அரசுக் கல்லூரிகளில் 'கௌரவ விரிவுரையாளர்' என்று ஒரு ஜாதி உண்டு. தமிழ்நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பி.எச்டி. முடித்தவர்கள், நெட், செட் தேர்வு எழுதி ஜெயித்தவர்கள். சம்பளம்? 15 ஆயிரமாக இருந்தது, 20 ஆயிரம் ஆகி, 2023ல் 25 ஆயிரம் என்று கூட்டினார்கள். அதுவும் வருஷத்துக்கு 11 மாதக் கணக்கில். மே மாதம் அடுப்பு எரியவேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை!

பல்கலைக்கழக மானியக் குழு 2019லேயே என்ன சொன்னது? ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50 ஆயிரம் வரை கொடுக்கலாம் என்று சொன்னது. சொன்னது டெல்லி. கொடுக்கவேண்டியது சென்னை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது வாத்தியார்.

நிரந்தர வேலைக்காவது வழி பிறந்ததா? 2024 மார்ச்சில் 4 ஆயிரம் உதவிப் பேராசிரியர் இடத்துக்கு அறிவிப்பு வந்தது. பரீட்சை தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடம் என்று புது அறிவிப்பு வந்தது. 4 ஆயிரம் எப்படி 2,708 ஆனது? கணக்கு வாத்தியாரைத்தான் கேட்கவேண்டும். அவரும் கௌரவ விரிவுரையாளராக இருந்தால் பதில் சொல்லப் பயப்படுவார்.

இப்படிப்பட்டவர் சாயந்திரம் டியூஷனுக்கு ஓடவேண்டும். அவரைப் போய், "பையனோடு உட்கார்ந்து சோதனைக்கூடத்தில் நோண்டு" என்றால் நடக்குமா? நோட்சைச் சொல்வார். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் அதையே திருப்பி எழுதுவார்கள். பட்டம் வந்துவிடும்.

தனியார் கல்லூரி இதைவிட மேல் என்று நினைக்கவேண்டாம். சுயநிதிப் பிரிவில் வாத்தியார் வாங்குகிற சம்பளத்தை விசாரித்தால், நாம் கட்டின பீஸ் எங்கே போனது என்று தலை சுற்றும். ஏ.சி.க்குப் போயிருக்கும்!

உப்பும் பேரேடும்

வேதியியல் படித்தவர்களுக்கு ஒரு கூத்து தெரிந்திருக்கும். செய்முறைப் பரீட்சையில் ஒரு உப்பைக் கொடுத்து, இது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். சோதனைக் குழாயைத் தொடுவதற்கு முன்பே எந்த உப்பு என்ற 'தகவல்' பையனுக்கு வந்துவிடும். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் திறக்கிற கூடத்தில், ஒரு கருவிக்கு நாலு பேர் நின்று, ஒருவன் செய்ய மூன்று பேர் வேடிக்கை பார்த்தால் வேறு என்ன நடக்கும்?

பி.காம். கதை இன்னும் வேடிக்கை. கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பட்டம் வாங்கிய பையனைக் கணக்கு எழுத வைத்துப் பார்த்திருப்பீர்கள். பற்று–வரவு விதியைத் தலைகீழாக ஒப்பிப்பான். பேரேட்டைக் கையில் கொடுத்தால் முழிப்பான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. ஒரே ஒரு மாதத்து ரிட்டர்னைக்கூடச் சொந்தமாகப் போட்டுப் பார்க்காமல் பட்டத்தோடு வெளியே வருகிற பிள்ளைகள் எத்தனை பேர்!

பிள்ளைகள் பேரில் தப்பில்லை. காட்டினால்தானே தெரியும்? பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் கோடவுன் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு. தலைமுறை தலைமுறையாகக் கணக்கு எழுதுகிற கடைகள்! நகரத்துக் காமர்ஸ் பிள்ளைகளை மாதம் ஒருநாள் அந்தக் கடைகளில் உட்காரவைத்தால் என்ன? முதலாளிமார் பழைய பில்களைக் கொடுக்கமாட்டேன் என்றா சொல்வார்கள்? சரித்திர மாணவனுக்கு 1851ல் தொடங்கிய எழும்பூர் மியூசியம் இருக்கிறது. அதைப் பார்க்காமலே சோழர் வெண்கலம் பற்றி 10 மார்க் கேள்விக்குப் பதில் எழுதுகிறான்.

செலவு என்ன ஆகும்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. வாத்தியார் சம்பளம் கோட்டையில் முடிவாகவேண்டிய விஷயம். அதற்குக் கோடிகள் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

நூலகத்தை ராத்திரி எட்டு மணி வரை திறந்து வைக்க எத்தனை கோடி வேண்டும்? நாலு டியூப் லைட், ஆறு மின்விசிறி, இரண்டு ஆள். அந்த இரண்டு ஆளும் வெளியிலிருந்து வரவேண்டாம். மத்தியானத்துக்குப் பிறகு தி.நகர் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே சேலை மடிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கே மணிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் லைப்ரரியைக் கவனித்துக்கொள்வார்கள். காசும் ஆச்சு, படிப்பும் ஆச்சு.

"புத்தகம் திருட்டுப் போகும்" என்பார்கள். போகட்டுமே! பூட்டின அலமாரியில் கரையான் தின்ற புத்தகத்தைவிடத் திருடிப் படித்த புத்தகம் மேல்.

பெண்கள் கல்லூரியில் எட்டு மணி என்றால் பெற்றோர் பயப்படுவார்கள். நியாயம்தான். அங்கே ஆறரை வரை வைக்கட்டும், வாசலில் பஸ் நிற்கட்டும். படிக்கிற பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் 'புதுமைப் பெண்' திட்டத்தை 2022 செப்டம்பரில் அதே பாரதி கல்லூரியில்தான் தொடங்கினார்கள். நல்ல காரியம். அந்த ஆயிரத்தோடு ஒரு மேஜையும் நாற்காலியும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

ராணி மேரி கல்லூரியை மறந்திருக்கமாட்டீர்கள். 2003ல் அதை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டப்போகிறோம் என்றார்கள். மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஊரே திரும்பிப் பார்த்தது. திட்டம் கைவிடப்பட்டது, கல்லூரி தப்பியது. கட்டடத்துக்கு அவ்வளவு குரல் கொடுத்த ஊர், அதன் சாவிக்கும் ஒரு குரல் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

இன்னொரு விஷயம். இப்போது விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன். காலேஜ் வாசலை மிதிக்காமலே சீட்டு வாங்கிவிடலாம். அது வசதிதான். ஆனாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். காலேஜ் நடக்கிற நாளாகப் பார்த்து, சாயந்திரம் நாலரை மணிக்குப் போங்கள். முதல்வர் அறைக்குப் போகவேண்டாம். ஆடிட்டோரியத்தைக் காட்டுகிறேன் என்பார்கள், அதுவும் வேண்டாம். நேராக லைப்ரரி எங்கே என்று கேளுங்கள். திறந்திருந்தால் உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பூட்டியிருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வாருங்கள்.