சமநிலை வடமும் சமநிலையற்ற வாதமும்

வீட்டு ஒலிக்கருவிகளை வாங்க முனைவோரிடையே ஒரு மூடநம்பிக்கை வேரூன்றியுள்ளது. ஒற்றைமுனை வடம் வறியோனுக்கு உரியது, சமநிலை வடமே சுவைஞனுக்கு உரியது என்பதே அது. மூன்று ஊசிகளைக் கொண்ட செருகியைக் கண்டதும் விலை கேளாமலே பணப்பையைத் திறக்கும் நண்பர்களை நாமறிவோம். பௌதிகம் பயின்றோரும் இதனை வாய்மூடிக் கேட்டிருப்பதுதான் விந்தை.

சமநிலை வடம் எதற்காகத் தோன்றிற்று? தொலைபேசிக் கம்பிகள் பல மைல் தூரம் செல்லவேண்டியிருந்தன. அயற்கம்பிகளின் இரைச்சல் உரையாடலிற் புகாமற் காக்கவே அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1881இல் முறுக்கிய இரட்டைக் கம்பிக்கு ஆக்கவுரிமை பெற்றார். இரு கம்பிகளிலும் ஒரே அளவாக ஏறும் இரைச்சலைப் பெறுமுனை கழித்துவிடுகின்றது. அவற்றிடையேயுள்ள வேறுபாடு மட்டுமே விரியலாக்கப்படுகின்றது. ஒலிவாங்கியின் சில மில்லிவோல்ற்றுச் சைகையை நூறு மீற்றர் கடத்தவேண்டிய கலையகத்துக்கு இது இன்றியமையாதது. வீட்டிலோ, இசைத்தட்டுக் கருவிக்கும் விரியலாக்கிக்கும் இடையே இருப்பது ஒரு மீற்றர். செல்வதோ ஏறத்தாழ இரண்டு வோல்ற்று. இங்கே எந்தப் பகைவனுக்கு அஞ்சி இக்கோட்டையைக் கட்டுகின்றோம்?

ஒன்றுக்கொன்று எதிரான இரு சைகைகள் செல்வதே சமநிலை என்பர் இவர்கள். இது பிழை. புவி தொடர்பாக இரு கம்பிகளின் தடங்கலும் சமமாயிருத்தலே சமநிலை. ஒரு கம்பியிற் சைகையே இல்லாவிடினும் தடங்கல்கள் சமமாயின் இரைச்சல் நீங்கும். தடங்கல்கள் சமமற்றவையாயின் எவ்வளவு பொன்முலாம் பூசினும் நீங்காது.

"செவியாற் கேட்டோம், வேறுபாடு தெரிகின்றதே" என்பது அடுத்த வாதம். தெரியாமல் என்ன செய்யும்? பல கருவிகளில் சமநிலை வெளியீட்டின் வோல்ற்றளவு ஒற்றைமுனை வெளியீட்டினதைப் போல் இரு மடங்கு. அஃதாவது 6 டெசிபெல் மிகுதி. உரத்து ஒலிப்பதைச் சிறந்ததெனக் கொள்வது செவியின் இயல்பு. அளவைச் சமப்படுத்தாது செய்யும் ஒப்பீடு ஒப்பீடன்று.

எனினும் ஒற்றைமுனை வடத்துக்கு ஒரு மெய்யான குறை உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. அதன் உறைக்கம்பியே சைகையின் மீள்வழியுமாகும். இரு கருவிகள் வெவ்வேறிடத்திற் புவியிணைக்கப்படின் அவ்வுறையூடு மின்னோட்டம் பாய்ந்து, மின்வழங்கலின் 50 ஏட்சு மீடிறனிலும் அதன் மடங்குகளிலும் உறுமல் எழும். அறையின் மறுகோடியில் விரியலாக்கி பொருத்திய ஒலிபெருக்கிகளை வைத்திருப்போர் சமநிலை உள்ளீடு இருப்பின் தயங்காது அதனைப் பயன்படுத்துக.

ஆனால் நடப்பது யாது? என் நண்பர் ஒருவர் உறுமல் தாங்காது சமநிலை வடமொன்றை வாங்கினார். அவருடைய விரியலாக்கியில் ஒற்றைமுனை உள்ளீடே இருந்தமையால் இரு கோடியிலும் மாற்றிகளைப் பொருத்தினார். உறுமல் சிறிதும் குறையவில்லை. விற்றவரிடம் முறையிட்டபோது, விரியலாக்கியின் செருகியிற் புவிக்கம்பியை வெட்டிவிடுமாறு அறிவுரை கிடைத்தது! உள்ளே காவலி பழுதுற்றால் உலோகப் பெட்டியைத் தொடுபவரின் உயிர் அக்கம்பியிலேயே தங்கியுள்ளது. நண்பரின் வீட்டிலோ இரு சிறு குழந்தைகள். நல்லவேளை, அவர் வெட்டவில்லை. கூரையிலிருந்து வரும் தொலைக்காட்சி அலைவாங்கியின் வடத்தைக் கழற்றினோம். உறுமல் அக்கணமே நின்றது. அவ்வலைவாங்கிக்கும் பெட்டிக்கும் இடையே பிரிப்பு நிலைமாற்றி ஒன்றைப் பொருத்தினோம். அதன் விலை, அலுமாரியில் உறங்கும் புதுவடத்தின் விலையில் ஒரு சிறு பங்கே.