இனிப்பின் மீது வரி

ஹலாலான பானத்தை வாங்கிக் குடிப்பவரிடம் அரசு கூடுதல் காசு வசூலிப்பது என்ன நியாயம் என்று சவூதியில் பணிபுரியும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டுள்ளார்.

உடற்பருமனையும் நீரிழிவையும் குறைக்க வேண்டி அவ்வரியைச் சவூதி அரசு 2017 ஜூனில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சோடா கலந்த குளிர்பானங்களுக்கு 50 விழுக்காடு. 'எனர்ஜி' பானங்களுக்குப் புகையிலையைப் போலவே 100 விழுக்காடு. அதே ஆண்டு அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகமும் பின்தொடர்ந்தது. 2019 டிசம்பர் முதல் சர்க்கரை சேர்த்த ஏனைய பானங்களும் இரு நாடுகளிலும் இவ்வரிக்குள் வந்தன. ஆங்கில ஏடுகள் இதற்குப் 'பாவ வரி' என்று பெயர் சூட்டின. வாசகரைக் கலங்க வைத்தது அப்பெயர்தான் போலும். அரபியில் அதனை 'அள்ளரீபத்துல் இன்திகாஇய்யா' என்பர். தேர்ந்தெடுத்த பொருள்களின் மீதான வரி என்பதே அதன் பொருள். பாவம் என்னும் சொல் அதில் இல்லை.

ஹலாலை ஹராமாக்கும் உரிமை எந்த ஆட்சியாளருக்கும் கிடையாது. எனினும் பொதுமக்களுக்குத் தீங்கு நேரும்போது, அனுமதிக்கப்பட்ட ஒன்றையும் பொதுநலம் கருதிக் கட்டுப்படுத்தலாம் என்பதை 'மஸ்லஹத்' என்னும் தலைப்பில் மார்க்க அறிஞர்கள் விரிவாகவே பேசியுள்ளனர். வரி விதிக்க அவர்கள் கடும் நிபந்தனைகள் வைத்ததும் உண்மையே. இங்கோ எவரும் குடிப்பதைத் தடுக்கவில்லை, விலைதான் ஏறியது.

என் குறை வேறு. அவ்வரி விலையைப் பார்த்ததே தவிர, சர்க்கரையின் அளவைப் பார்க்கவில்லை. 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரை உள்ள பானத்துக்கும் 3 கிராம் உள்ள பானத்துக்கும் ஒரே விகிதம் என்றால், ஆலைக்காரர் எதற்காகக் குறைப்பார்? பிரிட்டன் 2018 ஏப்ரலில் கொண்டுவந்த சட்டத்தில் 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழிருந்தால் வரியே இல்லை. ஆகவே அது நடைமுறைக்கு வருமுன்னரே நிறுவனங்கள் பல சர்க்கரையைக் குறைத்துவிட்டன. அமீரகமும் 2026 ஜனவரி முதல் சர்க்கரையின் அளவுக்கேற்ப வரி விதிக்கப்போவதாக 2025இல் அறிவித்தது. நல்ல திருத்தம்.

இத்தனைக்குப் பிறகும், கடையில் கிலோக் கணக்கில் வாங்கும் சர்க்கரை அவ்வரிக்கு அப்பாற்பட்டதே. சுலைமானியில் நான்காம் கரண்டி விழுவதையும், இஃப்தார் விரிப்பில் சர்பத் ஜாடி மீண்டும் நிரம்புவதையும் எந்த அதிகாரி வந்து அளப்பார்?

வாசகரின் கடிதத்தில் இறுதி வரி ஒன்று உண்டு: அவருடைய பத்து வயது மகனின் எடையைக் குறைக்க வேண்டுமென்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறிவிட்டாராம். கேள்வியைக் காட்டிலும் அந்த வரியே என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்ததை ஜும்ஆ பயானில் நாமே ஓதுகிறோம். பயான் முடிந்து வலீமாவுக்குச் சென்றாலோ, போதும் என்று கை மறித்த பின்னும் தட்டில் இன்னோர் அகப்பை விழுகிறது. மறுப்பவர் விருந்தளித்தவரை அவமதித்தவராகிவிடுகிறார்.

விடுமுறைக்கு அச்சிறுவன் ஊருக்கு வரும்போது பெத்தும்மா வீட்டிலும் மாமி வீட்டிலும் அவனுக்காகத் தட்டுகள் காத்திருக்கும். புறப்படுமுன்னரே, மருத்துவர் கூறியதைத் தந்தையார் தம் உம்மாவிடம் தொலைபேசியில் விளக்கிச் சொல்லிவிடட்டும். வட்டிலப்பம் விரிப்புக்கு வந்தபின் சொன்னால் எடுபடாது.